வாயிலும் படியும்: வலுவிழந்தோர் வேலையுரிமைச் சட்டம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

திருக்குறளின் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், பொறியில்லாமை ஒருவருக்கு இழிவு தருவதன்று, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே இழிவு தருவது என்னும் கருத்துக் கூறப்பட்டுள்ளது. ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருளைக் கொள்ளினும், குறையுடையோனைப் பழிக்கலாகாது என்னும் பண்பு அங்கே தெளிவாகத் தெரிகின்றது. அதே வேளையில், முயற்சியின் முழுப்பாரமும் தனிமனிதனின் தோள்மீதே வைக்கப்படுகின்றது. முயல்வோனின் முன்னே படிக்கட்டொன்று இருப்பின், அதனை அங்கே கட்டியவர் யார் என்னும் வினா அங்கு எழவில்லை. அறநூலொன்றிடம் அவ்வினாவை எதிர்பார்த்தல் நியாயமன்று. ஆனால் 1996 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றிடம் அதனை எதிர்பார்க்க எமக்கு உரிமையுண்டு.

இலங்கைப் பாராளுமன்றம் அவ்வாண்டில் இயற்றிய 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென எழுந்ததாகும். அச்சட்டம் வேலைத்தளம் பற்றி என்ன சொல்கின்றது, யாரை எவ்வாறு பெயரிட்டு அழைக்கின்றது, எவ்விடத்தில் மௌனம் சாதிக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டத்தைப் படிப்பது சட்டபீடத்தாரின் வேலை, கலைப்பீடத்தார் கவிதையையும் நாவலையும் விமர்சித்தாற் போதும் என்னும் எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. ஆயின் சட்டமும் சொல்லாலானதே. கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் வாசகனின் சுவை கெடும். சட்டத்தில் ஒரு சொல் பிழைத்தால் ஒருவனின் சீவனோபாயம் கெடும். ஆதலின் இங்கே வாசிப்பிற் கூடுதல் கவனம் வேண்டப்படுகின்றது.

சொல்லும் பொருளும்

பேசப்புகும் பொருளுக்குத் தமிழில் ஒருமித்த பெயர் இல்லை என்பது முதலிற் குறிப்பிடத்தக்கது. குருடர், செவிடர், முடவர் என உறுப்பைக் கொண்டு ஆளை அழைத்த வழக்கு நெடுங்காலம் நிலவியது. பின்னர் அங்கவீனர், ஊனமுற்றோர், வலது குறைந்தோர், வலுவிழந்தோர் என்னும் பொதுப்பெயர்கள் வந்தன. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த காலத்தில், 2010 ஆம் ஆண்டளவில், ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் அரச வழக்காயிற்று. எமது நாட்டிலும் ‘மாற்றாற்றல் உடையோர்’ என்னும் தொடர் பரவி வருகின்றது.

இப்பெயர்மாற்றங்களைப் பயனற்றவை எனத் தள்ளிவிட முடியாது. இழிவுப் பெயரால் அழைக்கப்படுபவனுக்கே அதன் வலி தெரியும். எனினும், பெயர் மாறுவதும் நிலை மாறுவதும் ஒன்றல்ல. ‘மாற்றாற்றல் உடையவர்’ என வரவேற்புரை நிகழ்த்தப்படும் மண்டபத்தின் மேடைக்கு அவர் ஏறுவதற்கு வழி இல்லாதிருப்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். இக்கட்டுரை ‘வலுவிழந்தோர்’ என்னும் சொல்லைக் கையாள்கின்றது. அது குறையற்ற சொல் என்பதனாலன்று. இழப்பு எனின், எதனால் இழந்தார், எங்கே இழந்தார் என்னும் வினாவுக்கு அச்சொல் இடந்தருகின்றது என்பதனாலேயே.

சட்டம் வந்த வழி

வேலைத்தளத்தில் மனித உடலின் இழப்பை இந்நாட்டுச் சட்டம் கணக்கெடுத்த தொடக்ககால முயற்சிகளுள் முக்கியமானது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். வேலையின்போது காயமுற்ற தொழிலாளிக்கு வேலைகொள்வோர் நட்டஈடு வழங்கவேண்டும் என அது விதித்தது. இன்ன உறுப்பை இழந்தால் உழைக்கும் ஆற்றலில் இத்தனை வீதம் இழந்ததாகக் கொள்ளப்படும் என அட்டவணை ஒன்று அதில் உண்டு. கையிழந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய தொழிலாளியின் முந்திய நிலையோடு ஒப்பிடுமிடத்து இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அதன் பார்வையை நோக்குங்கள். கை ஒரு தொகையாகின்றது. தொகை கொடுபட்டதும் கணக்கு முடிகின்றது. ஒரு கையோடு அவன் திரும்பி வந்து செய்யக்கூடிய வேலை யாது, அதற்கு இயந்திரத்தை எவ்வாறு மாற்றியமைக்கலாம் என்பன அவ்வட்டவணையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

மறுபுறத்தில் தொண்டு நிறுவனங்கள் பணியாற்றின. 1912 ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையாரால் தொடங்கப்பட்டு இரத்மலானையில் நிலைபெற்ற செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையும், பின்னாளிற் கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென எழுந்த நபீல்ட் பாடசாலையும் பல தலைமுறையினருக்கு எழுத்தறிவித்தன. அவற்றின் பணி போற்றத்தக்கது. ஆனால் பாடசாலையின் வாயிலுக்கு வெளியே இருந்த தொழிலுலகம் அவர்களுக்காகத் தன்னை மாற்றிக் கொள்ளவில்லை. கல்வி கற்றவர் சிலர் அதே பாடசாலைகளில் ஆசிரியராயினர். ஏனையோரிற் பலர் பிரம்பு வேலையோடும் தும்பு வேலையோடும் நின்றனர்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இவ்விடயத்தில் இரட்டைப் போக்குடையது. அதன் 12 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் எப்பிரசைக்கும் ஓரங்காட்டுதல் ஆகாது என்கின்றது. அப்பட்டியலில் உடல், உள வலுவிழப்பு இடம்பெறவில்லை. அதே உறுப்புரையின் நான்காம் பந்தியில், பெண்கள், பிள்ளைகள் ஆகியோருடன் வலுவிழந்தோரும் சேர்க்கப்பட்டு, அவர்களின் முன்னேற்றத்துக்கென விசேட ஏற்பாடு செய்யப்படுவதற்குத் தடையில்லை எனக் கூறப்படுகின்றது. அதாவது, அரசு விரும்பினால் உதவலாம். உதவாவிடின் வெளிப்படையாகக் கேட்பதற்கு வாசகம் இல்லை. மேலும், அடிப்படை உரிமை மீறல் வழக்கு அரசின் ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களுக்கு எதிராகவே தொடுக்கப்படலாம். காலி வீதியில் உள்ள தனியார் அலுவலகம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

இதன்பின் 1988 ஆம் ஆண்டில் வெளியான 27/88 ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றுநிருபம் குறிப்பிடத்தக்கது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களுள் 3 வீதத்தைத் தகைமையுள்ள வலுவிழந்தோருக்கு ஒதுக்குமாறு அது பணித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பதாரியின் வலுவிழப்பு அவருடைய கடமைக்கு இடையூறாக இருத்தல் ஆகாது என்பதே அது. இடையூறு எங்கே உள்ளது? அவருடைய காலிலா, அலுவலகத்தின் படியிலா? சுற்றுநிருபம் அதனை அவருடைய உடலிலேயே தேடுகின்றது. அன்றியும், சுற்றுநிருபம் திணைக்களங்களுக்கு இடும் பணிப்பேயன்றிப் பாராளுமன்றச் சட்டமன்று.

வரைவிலக்கணமும் 23 ஆம் பிரிவும்

இவ்வாறு நட்டஈடு, தொண்டு, சலுகை என வந்த வழியில் 1996 ஆம் ஆண்டின் சட்டம் ஒரு திருப்புமுனை எனலாம். ‘உரிமை’ என்னும் சொல் அதன் பெயரிலேயே இடம்பெற்றது. தேசிய சபையொன்றை அது நிறுவியது. அதன் 23 ஆம் பிரிவு, எந்தத் தொழிலுக்கும் பதவிக்கும் ஆட்சேர்க்கும்போதும், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதிக்கும்போதும், வலுவிழப்பைக் காரணமாகக் காட்டி எவரையும் ஓரங்காட்டலாகாது என விதிக்கின்றது. ‘எந்தத் தொழிலும்’ என்பதில் அரசும் தனியாரும் அடங்குவர். பொதுமக்கள் செல்லும் கட்டடங்களுக்கும் இடங்களுக்கும் செல்வதில் வலுவிழந்தோருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது எனவும் அப்பிரிவு கூறுகின்றது. மீறப்படின் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என 24 ஆம் பிரிவு வழிகாட்டுகின்றது. அரசியலமைப்பு எட்டாத தனியார் துறைக்கு இச்சட்டம் எட்டியது என்பதை எவரும் மறுக்கவியலாது.

ஆனால் இச்சட்டம் யாரைப் பற்றிப் பேசுகின்றது? அதன் வரைவிலக்கணத்தின்படி, பிறவியிலோ பின்னரோ உடலாற்றலில் அல்லது உளவாற்றலில் ஏற்பட்ட குறைபாட்டினால், தனது வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவுசெய்துகொள்ள இயலாதவரே வலுவிழந்த ஆள் ஆவார். இவ்வரைவிலக்கணத்தை 23 ஆம் பிரிவின் அருகே வைத்து வாசிப்போர் ஒரு முரண்பாட்டைக் காண்பர். ஒரு பக்கத்தில், இவர் தம் தேவைகளைத் தாமே நிறைவுசெய்ய இயலாதவர் என்கின்றது சட்டம். மறுபக்கத்தில், இவரை வேலைக்குச் சேர்ப்பதில் ஓரங்காட்டாதே என்கின்றது. வேலை செய்து தன் தேவையைத் தானே நிறைவுசெய்யும் பார்வையற்ற பட்டதாரி இவ்வரைவிலக்கணத்துள் அடங்குவாரா? அடங்குவார் எனின், தம்மை இயலாதவர் என அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அடங்கார் எனின், சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கில்லை. உரிமை கேட்டு நீதிமன்றம் செல்பவர் முதலில் தம் இயலாமையை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. அதே வாயால், அடுத்த கணத்தில், அவ்வேலையைச் செய்யும் ஆற்றல் தமக்கு உண்டெனவும் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 23 ஆம் பிரிவு ஆட்சேர்ப்பைப் பற்றியே பேசுகின்றது. சேர்க்கப்பட்டவருக்கு அடுத்த நாட் காலையில் என்ன நடக்கும்? பயிற்சி, இடமாற்றம், பதவியுயர்வு, வேலையைத் தொடர்ந்து செய்வதற்கான சாதனங்கள் ஆகியன பற்றி அப்பிரிவு வாய்திறப்பதில்லை. வாயிலைத் திறக்குமாறு ஆணையிட்ட சட்டம், வாயிலுக்கு உள்ளேயுள்ள படியைப் பற்றி மௌனமாயிருக்கின்றது. இம்மௌனமே இச்சட்டத்தின் தலையாய குறை என்பது எமது கருத்தாகும்.

இரண்டு அநுபவங்கள்

இக்கூற்று வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை உணர்த்த, நான் நேரில் அறிந்த இரண்டு செய்திகளைக் கூறலாம் எனக் கருதுகின்றேன்.

எமக்கு முன்னைய அணியைச் சேர்ந்த, கொட்டாஞ்சேனையில் வாழும் அண்ணா ஒருவர் பார்வைப் புலன் அற்றவர். தமிழைச் சிறப்பாகப் பயின்று பட்டம் பெற்றவர். கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தமிழிற் கடிதம் எழுதும் பகுதிக்கு அவரைத் தெரிவுசெய்தது. நேர்முகப் பரீட்சையில் அவரை எவரும் இழிவுபடுத்தவில்லை. 23 ஆம் பிரிவு எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. அவர் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளைக் கொண்டு தம் மடிக்கணினியில் வேலை செய்து பழகியவர். அம்மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. தமிழையும் வாசிக்க வல்லது. நிறுவனத்தின் கணினியிலோ அதனை நிறுவ அனுமதி கிடைக்கவில்லை. வெளி மென்பொருள் எதுவும் உள்ளே வரலாகாது என்பது அங்கு விதி. விதிக்கு விலக்களிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை எவராலும் கூறமுடியவில்லை.

அனுமதி கிடைத்திருந்தாலும் வேறொரு தடை காத்திருந்தது. அங்கு வந்த தமிழ் ஆவணங்களிற் பல பாமினி எழுத்துருவிலே தட்டச்சாகியிருந்தன. ஏனையவை படமாகப் பிடிக்கப்பட்டவை. பாமினியில் அடித்தது எமது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளின் கோவை மாத்திரமே. ‘தமிழ்’ என்னும் சொல்லையே திரைவாசிப்பு மென்பொருள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என வாசிக்கும். யுனிகோட் முறையில் அடித்திருந்தால் இவ்விடர் இல்லை. தமிழறிந்த ஒருவரைத் தமிழிலிருந்தே பிரித்து வைத்தது அவருடைய கண் அன்று. நாம் தெரிந்தெடுத்த எழுத்துரு.

மேலதிகாரி கெட்டவரல்லர். “தம்பி, நீங்கள் சும்மா இருங்கோ, சம்பளம் வரும்தானே” என்று அன்பாகவே கூறினாராம். அவ்வன்பே அவரை வதைத்தது. எட்டு மாதம் தொலைபேசி ஒலிக்கும் மேசையொன்றின் அருகே இருத்தப்பட்டிருந்தார். எட்டாம் மாத முடிவில் விலகல் கடிதம் கொடுத்தார். காரணம் என்ற இடத்திற் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என எழுதினார். “வேறென்னடா எழுதிறது?” என அவர் என்னிடம் கேட்டபோது என்னிடம் விடை இருக்கவில்லை.

இக்கடிதத்தைச் சட்டம் எவ்வாறு வாசிக்கும்? ஆட்சேர்ப்பில் ஓரங்காட்டல் நிகழவில்லை. எனவே 23 ஆம் பிரிவு மீறப்படவில்லை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி வேலைநீக்கம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றது; ஆனால் இங்கு எவரும் அவரை நீக்கவில்லை. தாமே விலகல் கடிதம் கொடுத்தவர் தாம் வெளியேற்றப்பட்டதாக நிறுவுவது எளிதன்று. எல்லாச் சட்டங்களும் கடைப்பிடிக்கப்பட்டன. ஒருவர் வேலையிழந்தார்.

இரண்டாமவர் வெள்ளவத்தையில் வாழும் ஒரு அக்கா. விபத்தொன்றின் பின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். கணக்கு வேலையில் தேர்ந்தவர். அவருடைய அலுவலகத்தில் மின்னுயர்த்தி உண்டு. மின்னுயர்த்தியை அடைவதற்கு மூன்று படிகள் உண்டு. காலையும் மாலையும் காவலாளிகள் இருவர் நாற்காலியோடு அவரைத் தூக்கிவைப்பர். மலசலகூடத்தின் கதவு நாற்காலியின் அகலத்திலும் ஒடுங்கியது. ஆதலின் அவர் விடிந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் அருந்துவதில்லை. கொழும்பின் வெயிலில் இது எத்தகைய வாழ்வு என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த அக்காவின் துயரைப் பொறுத்தவரை சட்டம் சற்று முன்னேறியுள்ளது என்பதைக் கூறியாக வேண்டும். 2006 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வர்த்தமானியில் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் சாய்தளம், கதவின் அகலம், மலசலகூடம் ஆகியவற்றுக்கு அளவுகளை வகுத்தன. ஏற்கெனவேயுள்ள பொதுக்கட்டடங்களை மாற்றியமைக்க மூன்றாண்டு தவணை கொடுக்கப்பட்டது. தவணை கடந்தும் மாற்றம் போதாமையால், கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் துடுப்பாட்ட நடுவராயிருந்தவர். 1992 ஆம் ஆண்டில் ஓடும் காரின்மீது மரம் வீழ்ந்ததாற் கால்களின் இயக்கத்தை இழந்தவர். புதிதாக எழும் பொதுக்கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும் என 2011 ஏப்ரல் 27 ஆம் நாள் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தனியொருவரின் விடாமுயற்சியால் விளைந்த இக்கட்டளை எமது நீதித்துறை வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. எனினும் அது கட்டடத்தைப் பற்றியது. கட்டடத்தினுள்ளே செய்யப்படும் வேலையைப் பற்றியதன்று. சுவரை அளக்கச் சட்டத்திடம் அளவுகோல் உண்டு. கொட்டாஞ்சேனை அண்ணாவின் மேசையை அளக்க அதனிடம் எதுவும் இல்லை.

பிறநாட்டு ஒப்புநோக்கு

இக்குறை தீர்க்கவியலாத ஒன்றா? உலக அநுபவம் அவ்வாறு கூறவில்லை. 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட வலுவிழந்தோர் சட்டம், வேலைகொள்வோர் தமக்கு மிதமிஞ்சிய சுமை ஏற்படாத அளவிற் பணியாளரின் தேவைக்கு வேலையை இசைவுபடுத்திக் கொடுக்க வேண்டும் எனக் கடமை விதித்தது. இதனை ‘நியாயமான இசைவுபடுத்தல்’ எனத் தமிழிற் குறிக்கலாம். வேலை நேரத்தை மாற்றுவது, மேசையை உயர்த்துவது, மென்பொருளை நிறுவுவது, சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்துவது யாவும் இதனுள் அடங்கும்.

அயல்நாடாகிய இந்தியாவின் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவு, பணியிலிருக்கும்போது வலுவிழப்புக்கு ஆளான அரச ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது எனவும், பழைய வேலைக்கு ஒவ்வாதவராயின் அதே சம்பளத்தில் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும் எனவும் விதித்தது. அதன் இடத்தைப் பிடித்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அரச வேலையில் ஒதுக்கீட்டை 3 வீதத்திலிருந்து 4 வீதமாக உயர்த்தியதோடு, நியாயமான இசைவுபடுத்தலை மறுப்பதும் ஓரங்காட்டலே என வரையறுத்தது. அங்கு நடைமுறை குறையற்றது என நான் கூறவரவில்லை. ஆனால் வாதாடுவதற்கு ஒரு வாசகமாவது அங்கு உண்டு.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைச் சமவாயமும் இதனையே கூறுகின்றது. அதன்படி வலுவிழப்பு என்பது உடற்குறை மாத்திரமன்று. குறையுடைய உடலும் சமூகம் எழுப்பிய தடையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே அது தோன்றுகின்றது. இலங்கை 2007 இல் அதிற் கையொப்பமிட்டு 2016 இல் ஏற்றுறுதி செய்தது. சமவாயத்துக்கு இயைந்த புதிய சட்டத்துக்கான வரைவுகள் பல தடவை பேசப்பட்டுள்ளன. ஆனால் உலக அரங்கில் இடப்பட்ட கையொப்பம் உள்நாட்டுச் சட்டமாக மாறும்வரை, கொழும்பு அலுவலகமொன்றின் முகாமையாளரை அது கட்டுப்படுத்தாது.

செலவு என்னும் வாதம்

இவற்றுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களை ஒதுக்கிவிடுதல் விமர்சன நேர்மையன்று. உடல் நலமுள்ள பட்டதாரிகளே வேலையின்றி அலையும் நாட்டில் இது ஆடம்பரம் அல்லவா என்பது ஒரு வாதம். சிறு முதலாளிகளாற் செலவைத் தாங்க முடியுமா என்பது இன்னொன்று.

முதல் வாதம் வேலையின்மைக்கான பொறுப்பை வேலையற்றோரிடையே பங்கிட்டுவிடுகின்றது. வேலை போதாமை பொருளாதார அமைப்பின் குறை. அக்குறையின் முழுச்சுமையையும் ஒரு பிரிவினர் மீதே ஏற்றுவது நீதியாகாது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவருள் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் இடர்ப்பாடு உடையவர்கள். அவர்களுள் வயதுவந்தோரிற் பெரும்பாலானோர், ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர், தொழிற்படையில் இல்லாதவர்கள். இவர்களுள் முதியோர் பலர் என்பது உண்மையே. அதனைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சும் தொகை ‘ஆடம்பரம்’ என்னும் சொல்லுள் அடங்கக்கூடியதன்று. முப்பதாண்டு யுத்தம் உறுப்பிழந்தோர் தொகையைப் பெருக்கிவிட்டிருக்கும் ஒரு நாட்டில் நாம் வாழ்கின்றோம். செயற்கைக் கால் ஒருவரை அலுவலக வாயில்வரை கொண்டுசேர்க்கும். அதற்கு அப்பால் அழைத்துச் செல்ல வேண்டியது சட்டத்தின் கடமை.

இரண்டாம் வாதத்துக்கு விடை ‘நியாயமான’ என்னும் அடைமொழியிலேயே உண்டு. தாங்கவியலாத செலவை எந்நாட்டுச் சட்டமும் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு வேண்டியிருந்தது இலவச மென்பொருள் ஒன்றும் யுனிகோட் எழுத்துருவும் மாத்திரமே. அங்கே குறைந்தது பணமன்று; ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கவேண்டிய கடமை. நேர்முகப் பரீட்சையில் ‘எப்படிச் செய்வீர்கள்?’ எனப் பலர் கேட்டனர். வேலை தொடங்கிய பின் ‘என்ன வேண்டும்?’ என ஒருவரும் கேட்கவில்லை.

நாமும் எமது சமூகமும்

சட்டத்தை மாத்திரம் குறைகூறி நிறுத்துவது எளிது. சட்டத்தின் பார்வை எமது பார்வையின் பிரதிபலிப்பே என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கொழும்புத் தமிழரிடையே, பிறந்தநாளிலும் திவச நாளிலும் வலுவிழந்தோர் இல்லங்களுக்கு மதிய உணவு கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அது கொடுப்போரின் நல்லுள்ளத்தைக் காட்டுகின்றது. ஆனால் உணவுப் பொதியோடு சென்று திரும்பும் அதே வணிகர், அவ்வில்லத்திற் கணக்குப் படித்த இளைஞனுக்குத் தம் கடையில் ஒரு கதிரை கொடுக்க எண்ணுவதில்லை. கொடுத்தால் ‘பாவம்’ என்று கொடுப்பார். பாவம் என்று கொடுத்ததைப் பிடிக்காதபோது பறிக்கலாம். உரிமையென்று கொடுத்ததைப் பறிக்கவியலாது. ‘சும்மா இருங்கோ, சம்பளம் வரும்தானே’ என்பதும் ஒருவகை உணவுப் பொதியே.

இந்நிலையில் திருத்தப்படும் சட்டம் எதுவாயினும் நான்கு விடயங்களை உள்ளடக்க வேண்டும் எனக் கருதுகின்றேன். முதலாவது, வரைவிலக்கணம் இயலாமையிலிருந்து தொடங்காது தடையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, நியாயமான இசைவுபடுத்தலை மறுப்பது ஓரங்காட்டலாகக் கொள்ளப்பட வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பு ஆட்சேர்ப்போடு நில்லாது பயிற்சி, பதவியுயர்வு, பணியில் நிலைத்தல் என வேலைக் காலம் முழுவதும் தொடர வேண்டும். நான்காவது, முறைப்பாட்டைக் கேட்கும் மன்றம் எளிதில் எட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவர் சட்டத்தரணியை அமர்த்திப் புதுக்கடை மேட்டில் மேல் நீதிமன்ற மனுவோடு பல ஆண்டு அலைவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஏனைய தொழிலாளர் நாடும் தொழில் நியாயசபைகளே இவ்வதிகாரத்தையும் பெறலாம்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு செயலும் உண்டு. அது எமது கைக்கு எட்டியது. எமது சங்கத்தின் அறிவித்தல்களும் எமது விரிவுரைக் குறிப்புகளும் பல இன்றும் பாமினியிலேயே தட்டச்சாகின்றன. அல்லது படமாகப் பிடித்து அனுப்பப்படுகின்றன. தமிழ் வளர்ப்பது எமது நோக்கம் என யாப்பில் எழுதி வைத்துள்ள நாம், எமது தமிழைச் சிலர் வாசிக்கவியலாத வடிவிலே அச்சிட்டு மகிழ்கின்றோம். இம்மலரின் பிரதியொன்றைக் கொட்டாஞ்சேனை அண்ணாவுக்குக் கொடுப்பதாக வாக்களித்துள்ளேன். அச்சுப் பிரதியோடு யுனிகோட் வடிவமொன்றையும் அவருக்கு அனுப்புமாறு இதழாசிரியரை வேண்டியுள்ளேன். தம்மைப் பற்றி எழுதப்பட்ட இக்கட்டுரையைப் பிறர் வாசிக்கக் கேட்காது தாமே வாசித்து, எனது வாதத்திற் பிழை உண்டாயின் அவரே சுட்டிக்காட்ட வேண்டும் என்பது எனது விருப்பம்.